முகம் தெரியும் பை

— ஆளுகளை வெளிய அனுப்பிட்டு ஷட்டரை இறக்குங்க பெரியத்தான். உங்ககிட்ட தனியா ஒண்ணு கேக்கணும்.

— அகிலா! ஏம்மா, உனக்கு வெவஸ்தை இருக்கா? தம்பி போயி இன்னும் பதினாறு கழியலை. புருஷனைப் பறிகொடுத்தவ வாசப்படி தாண்டி ஃபேக்டரிக்கு வந்து நிக்கிறியே, நாலு பேரு பாத்தா என்ன பேசுவாங்க?

— யாரு பாக்கப் போறாக? தில்ஜலா முழுக்க ஒரு நாய்கூட இல்லை. வழியில ஒரு போலீஸ்காரன்தான் கயித்தைக் கட்டிக்கிட்டு மறிச்சான். ரெயின்கோட் ஃபேக்டரி மகேஸ்வரன் தம்பி சம்சாரம்னு சொன்னேன், அவனுக்கு விளங்கலை. பொணத்தைப் போடுற பை தைக்கிற கம்பெனின்னேன். ‘ஓ, லாஷேர் பேக்!’னு சொல்லிட்டுக் கயித்தை அவுத்து விட்டுட்டான்.

— அந்தப் பேரைச் சொல்லித்தான் இன்னிக்கு நம்ம ஷட்டர் திறந்திருக்கு. இந்தத் தெருவுல வேற எந்த ஃபேக்டரி ஓடுது சொல்லு? செருப்புக்காரன் மூடிட்டான், பெல்ட்டுக்காரன் மூடிட்டான். ஆரே, ஷம்புதா! சபாய் எக்டு பாய்ரே ஜான்! ஆமா, எல்லாரும்தான், மாலதிதியையும் கூட்டிட்டுப் போங்க. ம், போயிட்டாங்க. இறக்கியாச்சு. அந்த மாஸ்க்கை மூக்குக்கு மேல ஏத்திக்க. உனக்கு நெகட்டிவ் வந்துருச்சா?

— முந்தாநாளே வந்துருச்சு. எனக்கும் பிள்ளை தீப்திக்கும்.

— நல்லதாப் போச்சு. இந்த ஸ்டூல்ல உக்காரு. என்ன கேக்கணும்?

— அன்னிக்கு நர்சிங் ஹோம் மார்ச்சுவரியில அவுக முகத்தைப் பாத்தீகளா?

— இதைக் கேக்கவா இவ்வளவு தூரம் வந்த? ஃபோன்லயே சொன்னேனே. பாத்தேன். தூங்குற மாதிரி இருந்தான் பாவி. அதுக்கப்புறம் எல்லாம் முறையாத்தான் நடந்துச்சு. தாப்பாவுக்கு வண்டி பின்னாடியே போனேன், அங்க ஒரு ஐயரைக்கூடப் பிடிச்சு...

— தாப்பாவைக் கேக்கலை. சுடுகாட்டுல தள்ளித்தான் நிறுத்தி வச்சிருப்பாக, அது தெரியும். மார்ச்சுவரியில கிட்ட நின்னு பாத்தீகளா?

— பாத்தேன்மா. இந்தா, நீயும் நானும் இருக்கோமே, இதைவிடக் கிட்ட.

— மீசை இருந்துச்சா?

— என்ன கேள்வி இது? மீசை இல்லாம பிரவீணை யாரு பாத்திருக்கா? நல்லா இருந்துச்சு. டை அடிக்காம விட்டதுல கொஞ்சம் நரைதான் தெரிஞ்சுச்சு.

— குழாய் வைக்கும்போது பிளாஸ்டர் நிக்கலைன்னு மீசை தாடி எல்லாத்தையும் மழிச்சுட்டாக. நர்ஸ் வீடியோ கால்ல காட்டினா. நானும் பாத்தேன், தீப்தியும் பாத்தா. நீங்க யாரு மீசையைப் பாத்தீக பெரியத்தான்?

— ஷோனோ அகிலா, சொல்றதைக் கேளு. நடந்தது நடந்துபோச்சு. எரிச்சாச்சு, கங்கையில கரைச்சாச்சு. இப்ப வந்து மீசை இருந்துச்சா, மூக்கு இருந்துச்சான்னு கேட்டா போனவன் வந்துருவானா?

— யாரை எரிச்சீக?

— என் தம்பியை! வேற யாரை எரிப்பாங்க?

— முகம் பாக்காம எப்பிடித் தெரியும்?

— பை மேல ஸ்டிக்கர் இருந்துச்சு. பேரு, வயசு, பெட் நம்பரு, எல்லாம் தம்பியோடதுதான். அதுக்கு மேல என்ன வேணும்ங்கிற?

— ஸ்டிக்கர் போதும்னா நம்ம எதுக்குப் பையில ஜன்னல் வச்சோம்?

— முகம் தெரியத்தான். அதுல என்ன சந்தேகம்? ஸ்கூல் பிள்ளைக ரெயின்கோட்டுத் தொப்பியில முன்னாடி கண்ணாடி மாதிரி ஒரு ஷீட்டு வைப்போம், ரோடு தெரியணும்னு. அதையே வெட்டி இதுல வச்சோம். கல்கத்தாவுல வேற எவனுக்கும் தோணலை. அதை வச்சுத்தான் ஆர்டரே கிடைச்சுச்சு.

— அதைக் கேக்கலை. அந்த ஜன்னல் வழியா அன்னிக்கு உங்களுக்கு என்ன தெரிஞ்சுச்சு?

— விடமாட்டியா நீ?

— மாட்டேன்.

— வெள்ளை. போதுமா? எக்தம் வெள்ளை! வார்டு பையன் டார்ச் அடிச்சுப் பாத்தான், ஒண்ணும் தெரியலை. கையுறையால துடைச்சான், போகலை. உள்பக்கம் அப்பிக் கெடக்கு, வெளிய துடைச்சா எப்படிப் போகும்? அவன் என்னைப் பாக்குறான். ‘காக்கு, தேகே நியேசேன் தோ?’ங்கிறான். பாத்துட்டீங்களான்னு கேக்குறான். பின்னாடி இன்னும் ரெண்டு குடும்பம் நிக்குது. சூப்பரின்டெண்ட் கையில பேனாவை வச்சுக்கிட்டு நிக்கிறாரு. நான் தலையாட்டினேன்.

— ஜிப்பை இழுன்னு சொல்ல வாய் வரலையா?

— நம்ம பை அகிலா! நம்ம கம்பெனிப் பை! சப்ளை பண்றவனே நின்னு, ஐயா முகம் தெரியலை, கொஞ்சம் திறந்து காட்டுங்கன்னு கேட்டா அவரு என்ன நினைப்பாரு? முகம் தெரியும்னு சொல்லித்தானடா நீ வித்தன்னு கேக்க மாட்டாரா? அடுத்த ஆர்டர் அவரு மேஜையில கெடக்கு. அந்த நேரத்துல என் புத்தியில அதுதான் நின்னுச்சு. தம்பி கெடக்கான் முன்னாடி, எனக்கு ஆர்டர்தான் நெனப்பு. துப்பு, மூஞ்சியில துப்பிட்டுப் போ.

— துப்ப வரலை. அந்தச் சாம்பல் சட்டியைக் கொண்டாந்து எங்க வாசல்ல வச்சுட்டுப் போனீகளே. தீப்தி அதைக் கட்டிலுக்குப் பக்கத்துல வச்சுக்கிட்டு விடியவிடியப் பேசினா. அப்பாவை ஆஸ்பத்திரிக்குள்ள தனியா விட்டுட்டோம்னு மன்னிப்புக் கேட்டா. அவ யாருகிட்ட மன்னிப்புக் கேட்டா?

— பிள்ளையை இழுக்காதே.

— நீங்கதான் அன்னிக்கே அவளை இழுத்துட்டீகளே.

— ஆமா, எல்லாப் பழியும் எனக்குத்தான். இந்தப் பை தைக்கலாம்னு யாரு சொன்னா? நானா சொன்னேன்?

— நான்தான் சொன்னேன். இல்லைன்னு எப்பச் சொன்னேன்?

— ஸ்கூல் மூடிட்டான். கோடவுன் நெறைய வாத்துப் படம் போட்ட ரெயின்கோட்டு, வாங்க ஒரு பிள்ளை வெளிய வரலை. சரின்னு டாக்டருங்க போடுற கவுன் தைச்சோம். அதையும் ஊருல தையல் மெஷின் வச்சிருந்தவனெல்லாம் தைச்சுத் தள்ளிட்டான், நம்ம சரக்கு போன லாரியிலேயே திரும்பி வந்துச்சு. நானும் தம்பியும் தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்திருந்தோம். நீ டீயைக் கொண்டாந்து வச்சுட்டு நிதானமாச் சொன்ன. பொழைக்கிறவங்களுக்குத்தான் எல்லாரும் தைக்கிறாக, சாகுறவங்களுக்கு யாரும் தைக்கலைன்னு. எனக்கு உடம்பே ஆடிப்போச்சு.

— ஆடிப்போச்சு, ஆனா மறுநாளே ஷீட்டு எடுக்கப் போயிட்டீக.

— போனேன். தம்பிதான் ஒத்துக்கலை. ஒரு வாரம் என்கூடப் பேசலை, உன்கூடவும் பேசலை. அப்புறம் அவனே வந்தான். செருப்பைக் கழட்டிட்டு அந்தா, அந்தக் கட்டிங் டேபிள்ல ஏறிப் படுத்தான். அளவு எடுங்கன்னான். ஷம்புதா அவனைச் சுத்தி சாக்பீஸ்ல கோடு போட்டாரு. சிரிச்சுக்கிட்டே கெடந்தான் படுபாவி. ‘அண்ணே, வயித்துப் பக்கம் கொஞ்சம் லூசு விடுங்க, பெங்காலிங்க எல்லாம் ரசகுல்லா சாப்பிடுற ஆளுங்க’ன்னான். அன்னிக்கு எடுத்த அளவுதான் இன்னிக்கும் ஓடுது.

— எனக்கு அது நெனவு இருக்கு. மாவைச் சொல்லுங்க.

— என்ன மாவு?

— நடிக்காதீக. ஆரோரூட் மாவு.

— அதைத்தான் நானும் சொல்லாம இருந்தேன். ஏற்கனவே நொந்து கெடக்குறவகிட்ட அதை வேற எதுக்குச் சொல்லணும்னு விட்டேன். நீயே வாயைக் கிளறுற. மடிச்ச பிளாஸ்டிக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம இருக்க நடுவுல கல்லு பவுடர் தூவுறது அப்பா காலத்துலேர்ந்து நம்ம பழக்கம். படா பஜார் மூடினதும் பவுடர் கிடைக்கலை. மொத லாட்டுப் பையைத் தூவாமலே அனுப்பினோம். இந்தச் சித்திரை வெயில்ல மொத்தமும் ஒட்டிக்கிச்சு, பிரிக்கும்போது டர்ருன்னு கிழியுதுன்னு திருப்பி அனுப்பிட்டான். அப்ப நீ லேக் மார்க்கெட்டுக்கு ஃபோனைப் போட்டு, நம்ம ஊர்க்காரர் கடையிலேர்ந்து சேலைக்குக் கஞ்சி போடுற மாவை மூட்டையா இறக்கின. தம்பி நடுவுல பேப்பர் வைக்கலாம்னு சொன்னான். நீதான் பேப்பரு கசங்கும், மாவுதான் வழுவழுன்னு இருக்கும்னு சாதிச்ச.

— சாதிச்சேன். ஒட்டலை பாத்தீகளா? அந்த மட்டுக்கும் சரியாத்தான் இருந்துச்சு.

— ஒட்டலை. ஆனா கொண்டுபோயி ஐஸ் மாதிரி ரூம்ல போட்டதும் பை உள்ள வேர்த்துப்போச்சு. மாவும் தண்ணியும் சேந்து கஞ்சியாகி ஜன்னல் முழுக்க அப்பிக்கிச்சு. நம்ம ரெயின்கோட்டுக்காரங்க அகிலா. ரெயின்கோட்டு வெளிப்பக்கம்தான் நனையும். பை உள்பக்கம் நனையும்னு நமக்கு எவன் சொல்லிக் கொடுத்தான்?

— ஸ்டிக்கர்?

— அதுவும் அதே கதைதான். மாவு படிஞ்ச பிளாஸ்டிக்குல பசை எங்க நிக்கும்? நான் போனப்பவே ரெண்டு ஸ்டிக்கரு தரையில கெடந்துச்சு. வார்டு பையன் குனிஞ்சு எடுத்து, இப்பிடிப் பாத்தான், அப்பிடிப் பாத்தான், ஒண்ணை இதுல ஒட்டினான், ஒண்ணை அதுல ஒட்டினான்.

— அதைப் பாத்துக்கிட்டா நின்னீக?

— நின்னேன்.

— மாவு விஷயம் வெளிய யாருக்குத் தெரியும்?

— யாருக்குமில்லை. ஷம்புதாவுக்குத் தெரியும். மாலதிதிக்குத் தெரியும், தூவுறது அவதானே. ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டாங்க. இந்த வேலையும் போனா அவங்க எங்க போவாங்க?

— நர்சிங் ஹோம்காரங்க என்ன நினைக்கிறாக?

— குளிர் மெஷின்ல கோளாறுன்னு நினைச்சுக்கிட்டு இருக்காங்க. மெக்கானிக்கைக் கூப்பிட்டு அவன்கிட்டச் சண்டை போட்டாங்களாம். எனக்குச் சிரிக்கவா அழவான்னு தெரியலை.

— மிச்ச மூட்டை?

— கால்வாயில கொட்டியாச்சு. இப்ப பேப்பர்தான் வைக்கிறோம், தம்பி சொன்ன மாதிரி. ஜன்னல் பளிச்சுன்னு இருக்கு. அதெல்லாம் இப்ப எதுக்கு உனக்கு?

— தெரிஞ்சுக்கணும். ஜன்னல் வெளுத்த பை இன்னும் அங்க கெடக்கா?

— எல்லாம் எரிஞ்சு போச்சு. ஒண்ணைத் தவிர.

— அந்த ஒண்ணைச் சொல்லுங்க.

— அதைக் கேக்கத்தான் வந்தியா? உனக்கு யாரு சொன்னா?

— அவுக ஃபோன் இப்ப தீப்திகிட்ட இருக்கு. அதுல கால் வருது. நேத்து நான் எடுத்தேன். நர்சிங் ஹோம்லேர்ந்து ஒரு பொம்பளை, உங்க வீட்டுப் பெரியவரு எங்க ஃபோனை எடுக்க மாட்டேங்குறாருன்னு சொன்னா. உங்களை எதுக்குக் கூப்பிடுறாக?

— ஐயோ.

— சொல்லுங்க.

— அன்னிக்கு தம்பிகூட இன்னொருத்தரும் போயிட்டாரு. லேக் கார்டன்ஸ்காரரு. ரிட்டையர்டு வாத்தியாராம். மகன் பெங்களூர்லேர்ந்து வர்றவரைக்கும் வச்சிருங்கன்னு வீட்டுல சொல்லியிருக்காங்க. அவன் போன வாரம் வந்தான். ஜன்னலைப் பாத்தான், வெள்ளை. நான் தலையாட்டின மாதிரி அவன் ஆட்டலை. திறடான்னு சட்டையைப் பிடிச்சிருக்கான். திறந்தாங்க.

— உள்ள யாரு?

— அவங்க அப்பா இல்லை.

— அதைக் கேக்கலை. உள்ள யாரு?

— எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் போயிப் பாக்கலை. எனக்கு ஃபோன் பண்ணினாங்க. ஐம்பதுக்குள்ள இருக்கும், நல்ல உயரம், உங்க தம்பியா இருக்குமோன்னு சந்தேகம், ஒருதடவை வந்து பாருங்கன்னாங்க. எங்க ஆளை எரிச்சாச்சு, என் ரெண்டு கண்ணாலயும் பாத்துட்டுத்தான் எரிச்சேன்னு சொல்லி வச்சுட்டேன். அப்புறம் அந்த நம்பரை எடுக்குறதே இல்லை.

— வாத்தியார் மகன் சும்மா இருக்கானா?

— தினம் வந்து வாசல்ல உக்காந்திருக்கானாம். எங்க அப்பா எங்கன்னு கேக்குறானாம். அவன் அப்பாவை நான்தானே அகிலா எரிச்சேன்? உன் பொண்ணு கட்டிலுக்குப் பக்கத்துல வச்சிருந்தது அவரைத்தான். பாபுகாட் படித்துறையில முழுகி எந்திரிச்சு, தம்பி பேரைச் சொல்லி அந்த மனுஷனைக் கரைச்சேன்.

— அங்க கெடக்குறவுகளை யாரும் வந்து கேக்கலைன்னா?

— கொஞ்ச நாள் பாப்பாங்க. அப்புறம் அநாதைன்னு எழுதி கார்ப்பரேஷன் வண்டியில ஏத்திருவாங்க. எதுக்கு அப்படிப் பாக்குற? உங்கிட்ட மறைக்கணும்னு மறைக்கலைம்மா. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.

— உங்க ஃபோன் அடிக்குது. தீப்திதான். எடுங்க, ஸ்பீக்கர்ல போடுங்க. நான் இங்க இருக்கேன்னு சொல்லாதீக.

— ஹாங், தீப்தி, சொல்லுடா.

— ஜேட்டு? துமி கோத்தாய்? ஃபேக்டரியிலயா?

— ஆமாடா ஷோனா. என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு?

— மா வீட்ல இல்லை. மருந்துக் கடைக்குப் போறேன்னு சொல்லிச்சு, இன்னும் வரலை. அந்த நர்சிங் ஹோம்லேர்ந்து ஆபார் ஃபோன், மறுபடியும். பாபா பேரைச் சொல்லி, நீ ரிலேட்டிவான்னு கேக்குறாங்க. டாட்டர்னு சொன்னேன். அன்னிக்கு யாரு பாடியை ஐடென்டிஃபை பண்ணாங்களோ அவங்களே கண்டிப்பா வரணுமாம். ஏன் ஜேட்டு? பாபாவைத்தான் எரிச்சாச்சு இல்ல?

— அது ஒண்ணுமில்லைடா. ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு. ஆபீஸ் சமாச்சாரம். நான் பாத்துக்கிறேன்.

— ஷொத்தி?

— ஷொத்திடா. ஜேட்டு உன்கிட்ட பொய் சொல்வேனா?

— எனக்கு ரொம்ப பயம் ஆகுது. நியூஸ்ல எல்லாம் பாடி மாறிப்போச்சுன்னு காட்டுறான். அந்தச் சட்டிகிட்ட நான் எவ்வளவு பேசினேன் தெரியுமா? யாருகிட்டயும் சொல்லாத விஷயம்கூடச் சொன்னேன். அது பாபாதானே? துமி முகம் பாத்தீங்கல்ல?

— பாத்தேன்டா. நல்லாப் பாத்தேன். மீசையெல்லாம் மழிச்சிருந்தாங்க. சின்னப் பையன் மாதிரி இருந்தான் உங்கப்பா.

— ஹாங். வீடியோ கால்லயும் அப்படித்தான் இருந்தாரு. சரி ஜேட்டு. டீக் ஆச்சே. மா அங்க வந்தா எனக்கு ஃபோன் பண்ணச் சொல்லு.

— சொல்றேன்டா. கதவைப் பூட்டிக்க. வச்சுரு.

— பரவாயில்லையே பெரியத்தான். மீசையை இப்பத்தான் நான் சொன்னேன், அதுக்குள்ள பிள்ளைகிட்ட ஒப்பிச்சுட்டீக.

— என்னைக் கொன்னு போடு அகிலா. நிஜமாச் சொல்றேன். அந்தப் பிள்ளை குரலைக் கேட்டதும் நாக்கு தானாப் பொய் சொல்லுது. பதினோரு வயசுல அவனுக்குச் சைக்கிள் கத்துக் கொடுத்தவன்டி நான். அவன் விழுந்து முட்டி பேந்தா எனக்குச் சோறு இறங்காது. அவன் அங்க ஐஸ்ல கெடக்கான், நான் இங்க உக்காந்து ஜிப்பு வந்துச்சா, ஷீட்டு வந்துச்சான்னு கேட்டுக்கிட்டு இருக்கேன்.

— மெதுவாப் பேசுங்க. ஆளுக வெளிய நிக்கிறாக.

— கேக்கட்டும்! எத்தனை நாளா வாயை மூடிக்கிட்டு இருக்கேன்! தினம் இந்தக் கட்டிங் டேபிளைப் பாக்கும்போதெல்லாம் அவன் படுத்துக் கெடந்த கோடுதான் தெரியுது. எந்திரி. டிரைவரைக் கூப்பிடுறேன். இப்பவே போவோம். உன் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன். நீ முகத்தைப் பாரு, தீப்தியை வீடியோவுல கூப்பிட்டுக் காட்டு, நம்ம தம்பியை நம்ம தூக்கிட்டுப் போயி எரிப்போம்.

— எரிச்சுட்டு?

— எரிச்சுட்டு அந்த வாத்தியார் மகன் கால்ல விழுறேன்.

— அவன் எழுப்பி உக்கார வச்சு, எப்பிடி மாறுச்சுன்னு கேப்பான்.

— சொல்லிருவேன். ஜன்னல் வெளுத்தது எங்க மாவுனாலன்னு சொல்லிருவேன்.

— அந்த மாவுப் பையில எத்தனை வீட்டு ஆளுக போனாக பெரியத்தான்? அத்தனை வீட்டுலயும் உங்களை மாதிரித்தானே ஒருத்தரு தலையாட்டியிருப்பாரு? அவுக எல்லாரும் வந்து இந்த ஷட்டருக்கு வெளிய நிப்பாக. நாங்க எரிச்சது யாரைன்னு கேப்பாக. யாருக்கும் பதில் சொல்ல முடியாது, எல்லாம் சாம்பலாப் போச்சு.

— நிக்கட்டும். என்னை ஜெயில்ல போடட்டும். மாவு போட்டது நான்தான்னு சொல்லிக்கிறேன், உன் பேரை இழுக்க மாட்டேன். அப்பா மேல சத்தியம்.

— உங்க பேரு வந்தா கம்பெனிப் பேரு வரும். சீல் வச்சுருவாக. மாலதிதி, ஷம்புதா, அந்த பீகார்ப் பசங்க, எல்லாரும் ரோட்டுக்குப் போவாக. தீப்தி படிப்பு?

— படிப்பைப் பேசுறியேம்மா! அந்தப் பிள்ளைக்கு அப்பன் வேணாமா? உனக்கு வேணாமா? நீ பாக்கணும்னுதானே தீட்டுகூடப் பாக்காம ஓடி வந்து நிக்கிற? உன் புருஷன்டி அவன்!

— தெரியும். இருபது வருசம் கூடப் படுத்தவளுக்குத் தெரியாதா? உக்காருங்க. டிரைவர் வேணாம்.

— ஏன் வேணாம்?

— உங்களால தாங்க முடியுமா முடியாதான்னு பாக்கத்தான் வந்தேன். ஒரு மீசைக்கே கவுந்துட்டீக. இனிமே நான் சொல்றதை மட்டும் கேளுங்க. நாளைக்கு அவுக உங்களைக் கூப்பிட்டுப் பையைத் திறந்து காட்டுவாக. கிட்டப் போங்க, நல்லாப் பாருங்க, பாத்துட்டு ரெண்டே வார்த்தையில சொல்லிட்டு வெளிய வந்துருங்க. அங்க அழப்படாது. தொடப்படாது.

— என்னம்மா பேசுற நீ? அது என் தம்பியா இருந்தா?

— உங்க தம்பிதான். காலையிலேயே நான் போயிப் பாத்துட்டு, இது எங்க வீட்டு ஆளு இல்லைன்னு சொல்லிட்டு வந்துட்டேன்.